அகலச் சக்கரமும் மஞ்சள் விளக்கும்

காற்று இறங்கிப் போனாலும் வீடு வந்து சேரும்வரை ஓடக்கூடிய டயர் ஒன்று இருக்கிறது. ரன்ஃபிளாட் என்பார்கள். பக்கவாட்டு ரப்பர் அவ்வளவு தடிமன். என் மனைவி இந்த செகண்ட் ஹேண்ட் காரை வாங்கச் சம்மதித்ததே அந்த டயருக்காகத்தான். வீடு கடலூரில், அவளுக்கு வேலை சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில். தினமும் தனியாகவே ஓட்டிக்கொண்டு போய் வருவாள். முன்பிருந்த கார் ஒரு மழை நாளில் புதுச்சத்திரம் தாண்டிப் பஞ்சராகி, லாரிகள் உரசிக்கொண்டு போகிற ரோட்டோரத்தில் அவளை ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தொப்பலாக நனைந்திருந்தாள்.

“நடுவழியில நிக்கற வண்டி இனிமே எனக்கு வேணாங்க” என்றாள்.

எனக்கு அந்தக் காரில் ஒரே ஒரு குறை. சக்கரம் ஒல்லி. நான் பத்திரம் எழுதுகிறவன். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் ஒருவர் இதே காரை அகலமான அலாய் வீல் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஐம்பத்திரண்டு வயதில் வரக்கூடாத ஆசைதான், வந்துவிட்டது. ஒரு இன்ச் அகலம் கூடிய நான்கு வீல்களை வரவழைத்தேன். டயர் பாதிகூடத் தேயாததால் அதையே மாற்றி ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

மனைவியின் சித்தப்பா மகன் கடலூரில் டயர் கடை வைத்திருக்கிறான். எனக்கு மச்சான் முறை. டயரில் இருந்த எழுத்தைப் படித்தான், வீலை அளந்தான், தலையைச் சொறிந்தான்.

“ஏறும் மாமா. இந்த டயருக்கு இதான் கடைசி அளவு. ஆனா ரிம்மு ஓரம் வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். பள்ளத்துல அடிச்சா அடி நேரா ரிம்முக்குத்தான்.”

“ஏறும்ல? ஏத்து மச்சான்.”

லேசில் ஏறவில்லை. சோப்புத் தண்ணீர் தடவி, மெஷினில் வைத்து, இரும்பு லிவரால் நெம்பி, ஒரு காலைப்பொழுதே போயிற்று. முதல் டயர் காற்றடித்ததும் படாரென்று ரிம்மில் போய் உட்கார்ந்தது. நான் கைதட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

“பழைய ரிம்முல காத்து சென்சார் இருக்குது மாமா. கழட்டி இதுல மாட்டிடறேன்.”

ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, சோபாவுக்குத் துணி உறை, உறைக்கு மேல் இன்னொரு விரிப்பு. நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம். எதையும் வந்தபடியே வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நம்புகிறவன் நான்.

“அதத் தொடாத. பழசு அப்படியே பரண் மேல இருக்கட்டும். வண்டிய விக்கும்போது ஒரிஜினலா குடுக்கணும்.”

அவன் கையிலிருந்ததைக் கீழே வைத்தான். “இந்த டயருல காத்து எறங்கனா கண்ணுக்குத் தெரியாது மாமா. தெரியாம ஓட்டனா உள்ளயே நொறுங்கிடும். அக்கா ஓட்டற வண்டி.”

“எனக்குத் தெரியாதா? தினமும் நானே பாத்துக்கறேன்.”

அக்கா புருஷன் இப்படிச் சொன்னபிறகு எங்கள் பக்கத்தில் மச்சான்காரன் அதற்குமேல் பேசமாட்டான். பேசினால் மரியாதை இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் அந்த முறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் சாதாரண வால்வைப் போட்டு முடித்தான்.

மறுநாள் காலை மனைவி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து கூப்பிட்டாள். “ஏங்க, மஞ்சளா ஒரு லைட்டு எரியுதே?”

“அது ஒண்ணுமில்ல. சென்சார் இல்லன்னு சொல்லுது. எரிஞ்சா எரியட்டும், நீ போ.”

போனாள். நானும் சொன்ன சொல் தவறவில்லை. தினமும் காலையில் நான்கு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. காற்றே இல்லாவிட்டாலும் அந்த டயர் அப்படித்தான் இருக்கும் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. பத்து நாளில் அந்த உதையும் நின்றுபோயிற்று.

ஒரு மாதம் போயிருக்கும். முட்லூர் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதாகச் சொன்னாள். புது வீலில் கீறல் விழுந்ததா என்று மட்டும் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை, ஆலப்பாக்கம் தாண்டியதும் கார் திடீரென்று இடதுபக்கம் இழுத்திருக்கிறது. ரப்பர் கருகிய வாடை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தபடி ஒரு சாண் இடைவெளியில் ஒதுங்கிப் போயிருக்கிறது. எப்படியோ ஓரம்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தாள். மச்சானையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். அடி எதுவும் இல்லை. காருக்குப் பக்கத்தில்கூட நிற்காமல் தள்ளிப் போய் ஒரு மரத்தடியில் நின்றிருந்தாள்.

வண்டியைக் கட்டி இழுத்துக் கடைக்குக் கொண்டுவந்தோம். மச்சான் டயரைக் கழற்றிச் சாய்த்தான். உள்ளிருந்து கறுப்புத் தூள் இரண்டு கை அளவுக்குக் கொட்டியது. ரிம் ஓரம் நெளிந்திருந்தது.

“ரெண்டு நாளா காத்து இல்லாமதான் ஓடியிருக்குது” என்றான். பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

மனைவி குனிந்து அந்தத் தூளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“லைட்டு எரிஞ்சிக்கிட்டேதாங்க இருந்துது. நா அத நம்புல. உங்கள நம்புனேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

பழைய ரிம், புது டயர், சென்சார் எல்லாம் மாட்டியாயிற்று. இப்போது எந்த விளக்கும் எரிவதில்லை. இப்போதும் அவள் தனியாகத்தான் சிதம்பரம் போய் வருகிறாள். தினமும் காலையில் கேஜ் வைத்து நான்கு சக்கரத்திலும் காற்று பார்த்துவிட்டு, “நாலும் சரியா இருக்குது” என்று சொல்கிறேன். “சரிங்க” என்கிறாள். பையை சீட்டில் வைக்கிறாள். அதிலிருந்து தான் வாங்கிய கேஜை எடுத்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு சக்கரமாக உட்கார்ந்து மறுபடியும் பார்க்கிறாள்.