தானாக ஆறிய தண்ணீர்

அப்பாவை நான், தம்பி, தங்கை மூவரும் நைனா என்றுதான் அழைத்தோம். அவர் மறைந்து ஓராண்டு கழித்து இந்த நினைவு மலருக்கு எழுத உட்காரும்போதும் வேறு சொல் வரவில்லை. அவரைத் துறைமுகத்தில் அறிந்தவர்கள், ராயபுரத்துத் தெருவில் அறிந்தவர்கள், உறவுமுறையால் மட்டும் அறிந்தவர்கள் என்று மூன்று வகையினர் இதைப் படிப்பீர்கள். உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்றை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லச் சொன்னவர் அவரே.

நைனா பிறந்தது திருவொற்றியூரில், ரயில் பாதைக்குக் கிழக்கே. சிறு வயதிலேயே தாயை இழந்தார். துறைமுகத்தில் கரி சுமந்து, பின்பு நீராவிக் கிரேனுக்கு நெருப்புப் போடும் பயர்மேன் ஆனார். குடிக்க மாட்டார், கடிந்து பேச மாட்டார். சட்டை முழுதும் கரியாக இருந்தாலும் நகங்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார். விடியற்காலையில் எங்கள் தெருமுனையில் கடற்பனியும் கரிப்புகையும் கலந்து நிற்கும். அது ஓரிடத்தில் மெல்ல இறுகி, நடக்கத் தொடங்கி, நைனாவாகும். அவர் புகையிலிருந்தே வருகிறார் என்று சிறு வயதில் நம்பியிருந்தேன்.

சண்டைக் காலத்தில் குண்டுக்குப் பயந்து காலியான பட்டணம் மறுபடி நிறைந்த பின்பு தம்பி பிறந்தான். பல் முளைக்கும் முன்பே அவனுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. நிற்கும். பத்து நாளில் மீண்டும் வரும். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்றார் டாக்டர். மாதந்தோறும் பாய்லருக்குள் தண்ணீர் படிய விட்டிருக்கும் வெள்ளைப் பொருக்கைச் சுரண்டியவர் நைனா. இரும்புக்கே இந்தக் கதி என்றால் பிள்ளை வயிறு என்னவாகும் என்று அம்மாவிடம் சொன்னாராம். அன்று முதல் காய்ச்சுவது அவர் வேலையாயிற்று.

அந்நாளில் ஆண்பிள்ளை அடுப்பின் முன் உட்காருவது தெருவுக்கே வேடிக்கை. எதிர்வீட்டு மீன்காரம்மா தினமும் எட்டிப் பார்ப்பார்.

"இன்னா மேஸ்திரி, புள்ளய இஞ்சினாக்கி ரெயிலு உடப் போறியா?"

"உட்டா, மொதல்ல உன் கூடையத்தான் ஏத்துவேன்."

கொதித்த தண்ணீரைக் குழந்தை குடிக்க முடியாது. அது தாகத்தில் அழும். எனவே நைனா, குளிக்க விளாவுவது போலவே, பானையிலிருந்து ஒரு டம்ளர் கிணற்று நீரை அதில் ஊற்றுவார். புறங்கையில் ஒரு துளி விட்டுப் பார்ப்பார். பிறகு என் மடியிலிருக்கும் தம்பியின் வாயில் சங்கால் புகட்டுவார். ஆவி அவர் முகத்தைப் பாதி மறைத்திருக்கும். அந்தக் காலைகள் இன்றும் என் கனவில் வருகின்றன. கனவிலும் அந்த டம்ளர் தண்ணீரை நான் தடுப்பதில்லை.

அந்தக் கிணறு நான்கு குடித்தனத்தின் கக்கூஸிலிருந்து ஆறே தப்படித் தொலைவில் இருந்தது.

தம்பி தாமதமாக நடந்தான், தாமதமாகப் பேசினான். ஐந்து வயதில் மூன்று வயதுப் பிள்ளை போல இருந்தான். நைனா காய்ச்சுவதை ஒரு நாளும் விடவில்லை.

தங்கைக்கு ஆறு மாதம் ஆனபோது, பக்கத்துத் தாய்சேய் நல நிலையத்தில் குழந்தைகளுக்குப் பால் பவுடர் கொடுக்கத் தொடங்கினார்கள். அதை எப்படிக் கலக்குகிறோம் என்று பார்க்க ஒரு நர்சம்மா வீட்டுக்கு வந்தார். நைனா பெருமையோடு தானே கலந்து காட்டினார். பாலை விளாவக் கை நீட்டியபோது நர்சம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கொதிக்காததை ஊத்தினா, எல்லாமே கொதிக்காததுதான் ஐயா."

"ஆறுற வரிக்கும் புள்ள அழுவுமேம்மா?"

"முன்னாடியே காய்ச்சி மூடி வையுங்க. அழாது."

நைனா டம்ளரைக் கீழே வைத்தார். மூலையில் உட்கார்ந்திருந்த தம்பியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் எங்கள் வீட்டில் மாறியவை: தட்டு போட்டு மூடிய குடிநீர்ப் பானை, கை படாமல் மொள்ள நீளக் காம்புக் கரண்டி, கக்கூஸ் வாசலில் சோப்பு. கிணற்றைச் சுற்றிச் சிமெண்டு மேடை போட நான்கு குடித்தனத்து ஆண்களையும் நைனாவே திரட்டினார். கக்கூஸ் எதிர்மூலைக்குப் போயிற்று. தங்கைக்கு வயிற்று நோயே வரவில்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு முறை வந்தது, குறித்து வைத்திருக்கிறேன். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. பதினான்கு வயதுத் தம்பியின் காதுக்கு எட்டுகிறாள். பாடப் புத்தகத்தை அவள்தான் அவனுக்குப் படித்துக் காட்டுகிறாள்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கற்றேன். கண்ணுக்குத் தெளிவான கிணற்று நீர் கண்ணாடிக் குழாயில் ஊட்டச் சாற்றோடு வைத்த இரண்டு நாளில் கிருமி பெருகிக் கலங்கி நிற்பதைக் காணும்போதெல்லாம் நைனாவின் டம்ளர் நினைவுக்கு வரும். வீட்டில் நான் அதைப் பேசியதில்லை. அவரும் கேட்டதில்லை, கடைசி வாரம் வரை.

நெஞ்சில் சளி கட்டி அவர் படுத்திருந்தார். மாலைச் சங்கு ஊதி ஓய்ந்தது. ஜன்னலில் துறைமுகப் புகை ஊதா நிறமாக நின்றது. தம்பி அடுப்படியில் இருந்தான்.

"நீ படிச்ச பொண்ணு. மறைக்காம சொல்லு. அவன் இப்டி கீறதுக்கு நான் வெளாவுனதுதான் காரணமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் மறைக்காமல் சொல்லச் சொன்னார். விரல் மடக்கி எண்ணினேன். கிணறு. கக்கூஸ். சண்டைக்கால ரேஷனில் வற்றிப்போன அம்மாவின் பால். அவனுக்குப் பிந்தி வந்த பால் பவுடர்.

"அஞ்சாவதுதான் உன்னுது, நைனா."

அவர் என் ஐந்தாவது விரலைத் தானே மடக்கி, அப்படியே பிடித்துக்கொண்டார்.

"செரி. இது என்னுது. எல்லாருக்கும் சொல்லு. காச்சறாங்கோ, அப்பால வெளாவிடறாங்கோ."

பிறகு தண்ணீர் கேட்டார். அப்போதுதான் கொதித்து இறக்கியிருந்தது. தம்பி பாத்திரத்தைத் தட்டால் மூடி, கட்டிலருகே கொண்டுவந்து வைத்து, அதன்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்தான்.

"ஆறட்டும்டா," என்றார் நைனா. "ஒன்னும் அவுசரம் இல்ல."

நைனா, தம்பி, நான் மூவரும் காத்திருந்தோம். நான்கு நாள் கழித்து அவர் காலமானார்.

அந்த நர்சம்மாவுக்கும், மருந்துக்குக் காசு வாங்காத டாக்டருக்கும், தோள் கொடுத்த துறைமுகத் தோழர்களுக்கும், துக்க நாட்களில் எங்களுக்காகத் தண்ணீர் காய்ச்சி மூடிக் கொண்டுவந்த எதிர்வீட்டு மீன்காரம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

திதிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்று தண்ணீர் தம்பியின் பொறுப்பு. முதல் நாளே காய்ச்சி மூடி வைத்திருப்பான். அது தீர்ந்து, அடுத்த பாத்திரம் சூடாக இருந்தால், கொஞ்சம் இருக்கச் சொல்வான். தயவுசெய்து இருங்கள்.