ஆளில்லாத இடம் தேடி ஒரு சோடா வண்டி

எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது முப்பத்தெட்டு. அதுவரை ஏன் ஆகவில்லை என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் வில்லியனூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. வயது முப்பதைத் தொடுகிறது, சிறுவயதில் வந்த காய்ச்சலில் காது மந்தமாகிவிட்டது, மற்றபடி ஒரு குறையும் இல்லை என்றார்கள். என் அண்ணி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பேசாதவனுக்குக் காது கேக்காதவ. சண்டையே வராது, முடிச்சிடலாம்" என்றாள். தை மாதத்தில் முடிந்தது.

நாங்கள் இருந்தது பஞ்சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில். அண்ணன் குடும்பம் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு பழைய புடவை. அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுச் சுவர். அந்தச் சுவர் கூரைவரை போகாது. அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் நாங்கள் திரும்பிப் பார்ப்போம்.

என் மனைவிக்கு அறவே காது கேட்காது என்றில்லை. எதிரில் நின்று உரக்கச் சொன்னால் கேட்கும். அண்ணிக்கு அதில் கஷ்டமே இல்லை. "ஏம்மா, கொழம்புக்கு உப்பு போட்டியா?" என்று அவள் கேட்டால் தெருமுனை வரை எல்லோர் வீட்டுக் குழம்பும் சரியாகிவிடும். எனக்குத்தான் முடியவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் இரவு அவள் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்த்து, "தூக்கம் வரலியா?" என்று கேட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கக் கேட்டேன். அப்போதும் கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, பலத்தையெல்லாம் கூட்டிக் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஆலை வேலை முடிந்து வந்து படுத்திருந்த மனிதர் பதில் சொன்னார்.

"எனக்கு வருது தம்பி. தூங்க வுட்டியானா தூங்கிடுவேன்."

மறுநாள் காலையில் குழாயடியில் ஒருவர் விடாமல் என்னைப் பார்த்து, "தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டார்கள். அன்றோடு நான் வாயை மூடிக்கொண்டேன். தட்டை நீட்டினால் சோறு போடுவாள், சட்டையைக் கழற்றி வைத்தால் துவைத்துவிடுவாள். ஜாடையிலேயே நான்கு மாதம் போய்விட்டது.

வைகாசியில் ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணி என்னை வாசலில் நிறுத்தினாள். அதிசயமாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்தாள்.

"ஆடிக்கு அவுங்க அண்ணன் வந்து அழைச்சிக்கினு போவாரு. போனா திரும்ப வரமாட்டேன்னு சொல்லுது. அவருக்கு என்னப் புடிக்கல, ஒரு வார்த்த பேசறதில்ல, எதுக்கு நான் இங்க இருக்கணுங்குது. நீ இன்னா சொல்ற?"

நான் எப்போதும்போல் தரையைப் பார்த்தேன். ஆடிக்கு அவ்வளவாக நாள் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது மட்டும் அன்று முழுக்க என்னை விடவில்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. அதை உரக்கச் சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் வேறு காது இருக்கக் கூடாது.

அப்போது நான் ஒரு சோடாப் பட்டறையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் பெட்டிபோல் அடைத்த பழைய மோட்டார் வேன். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும். சனிக்கிழமை மத்தியானம் சரக்கை இறக்கிவிட்டால் திங்கட்கிழமைவரை வண்டிக்கு வேலையில்லை. முதலாளி கிறிஸ்தவர், ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறக்க மாட்டார். ஒரு சனிக்கிழமை அவர் முன்னால் போய் நின்றேன். நெடுநேரம் நின்றேன்.

"இன்னாப்பா, சொல்லு."

"வண்டி வேணும். நாளைக்கு சாயங்காலம் கொண்ணாந்து வுட்டுடறேன். பெட்ரோல் நான் போட்டுக்கறேன்."

"எங்கப் போற?"

"சும்மா."

அவர் என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். "போன்!" என்றார், நல்லது என்பதைப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார். "சும்மாவுக்கே மோட்டாரா? கூட யாரு, சம்சாரமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுச் சாவியைத் தூக்கிப் போட்டார்.

பெட்டிகளை இறக்கிய பிறகு வண்டியின் உள்ளே இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். பாய், தலையணை, ஒரு பானை தண்ணீர், புளிச்சோறு, ஓர் அரிக்கேன் விளக்கு. எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை. முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, கதவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். இன்ஜின் அதிர்வது கையில் தெரிகிறது என்று பிறகு சொன்னாள். அந்த வண்டி ஓடும்போது அதன் சத்தத்தில் எனக்கும் ஒன்றும் கேட்காது. அதுவரை நாங்கள் இருவரும் சமம்.

முதல் சனிக்கிழமை மூலக்குளம் தாண்டி, பாதையைவிட்டு ஒதுங்கி ஓர் ஏரிக்கரையில் நிறுத்தினேன். கண்ணுக்கு எட்டியவரை ஒருவரும் இல்லை. இறங்கி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் திரும்பினேன். வரப்பின்மேல் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நான்கு பேர். எந்த வயலில் இருந்தார்களோ தெரியாது.

"சோடா இருக்கா?"

"இல்லீங்க. வண்டி காலி."

"கலர் இருக்கா?"

"அதுவும் இல்லீங்க."

"பின்ன எதுக்குய்யா சோடா வண்டிய கொண்ணாந்து நிறுத்தின? நாக்கு வறண்டு ஓடியாறோம்!"

நான் போகச் சொல்ல வெட்கப்பட்டேன். வந்தவர்கள் வண்டியின் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். இருட்டும்வரை ஆள் வந்தபடி இருந்தது. கடைசியில் என் மனைவி பானைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு மொண்டு எல்லோருக்கும் கொடுத்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் பேச்சு நடக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வடக்கே சவுக்குத் தோப்புகளைத் தாண்டிப் போனேன். ஆள் இல்லாத இடம்தான். ஆனால் எல்லை எங்கே முடிகிறது என்று சவுக்கு மரத்தில் எழுதியா வைத்திருக்கிறது? எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் எல்லை முடிந்து இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் வந்துவிட்டிருக்கிறேன். பொழுது சாயும் நேரத்தில் இரண்டு சுங்கச் சிப்பாய்கள் தோப்புக்குள்ளிருந்து வந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து சீமைப் பட்டும் பிராந்தியும் திருட்டுத்தனமாக அந்தப் பக்கம் போகிற காலம் அது. தோப்பில் ஒதுங்கி நிற்கும் மூடிய வண்டியைப் பார்த்தால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

பாயை உதறினார்கள், தலையணையை அமுக்கினார்கள், பானைக்குள் கையை விட்டார்கள்.

"சரக்கு இல்ல. அப்ப சம்சாரத்த இட்டுக்கினு இங்க இன்னாதான்யா பண்ற?"

பேசத்தான் வந்தோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் மனைவிக்கு அவர்கள் கேட்டது விழவில்லை. பசியோடு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு இலையில் புளிச்சோறு வைத்து நீட்டினாள். சாப்பிட்டுவிட்டு, "அந்தாண்ட போயிடுங்க, எங்க ஆபீசர் வர நேரம்" என்று நல்லபடியாகவே அனுப்பி வைத்தார்கள்.

இதற்குப் பிறகு வார நாட்களில் கடைகளுக்கு சோடா போட்டுக்கொண்டே இடம் பார்க்க ஆரம்பித்தேன். கிணறு இருந்தால் ஆள் வரும். நிழல் இருந்தால் ஆடு மேய்க்கிறவர் வருவார். சாணி கிடந்தால் வழி இருக்கிறது என்று அர்த்தம். தேங்காய்த்திட்டுப் பக்கம் போனேன், உப்பங்கழியில் ஓயாமல் படகு போய்க்கொண்டிருந்தது. கதிர்காமத்துக்கு அப்பால் ஒரு தோப்பைப் பார்த்தேன், சமைக்கும் நேரத்தில் நான்கு பக்கமும் புகை எழுந்தது. தண்ணீரும் நிழலும் இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும் என்று புரிந்தது. ஆனி பிறந்த பிறகு அப்படி ஒன்று கிடைத்தது. வடமேற்கே செம்மண் மேடு. மழை அரித்த பள்ளங்கள், முள்ளுச் செடிகள், அங்கங்கே சில பனைகள். பனைக்கு நிழல் ஏது என்று அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். யாரும் வரவில்லை. சாப்பிட்டோம், காற்று நன்றாக இருந்தது, படுத்துத் தூங்கிவிட்டோம். பேசுவதைக் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று நானே எனக்குத் தவணை கொடுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் அவள் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். நான் சுற்றிலும் ஒரு நடை நடந்து பார்த்தேன். பள்ளத்தில் எட்டிப் பார்த்தேன். ஒரு நாய்கூட இல்லை. வந்து அவள் எதிரில் நின்றேன். வழியெல்லாம் இன்ஜின் சத்தத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியதுதான். இருந்தாலும் முதல் முறை காற்றுதான் வந்தது.

"ஆடி முடிஞ்சதும் வந்துடுவியா?"

அவள் ஊதாங்குழலை வைத்துவிட்டு நிமிர்ந்து, "என்ன?" என்றாள்.

"ஆடி முடிஞ்சா... திரும்பி... வந்துடுவியா? ஒன்ன எனக்குப் புடிச்சிருக்கு!"

அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. செம்மண் பள்ளங்களில் பட்டு அது திரும்பி வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மேலே பனையின் உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே, எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அக்காவுக்குக் கேட்டுச்சான்னு தெரியல."

பதநீர் இறக்குகிறவர். இடுப்பில் கலயத்தோடு மட்டைகளுக்கு நடுவில் குந்திக்கொண்டிருந்தார். நாங்கள் எழுவதற்கு முன்பே ஏறியிருக்கிறார்.

"எறங்கலாம்னுதான் பாத்தேன். நீ பள்ளத்துலலாம் எட்டி எட்டிப் பாத்தியா, யாரும் இருக்கக் கூடாதுபோலன்னு அப்படியே குந்திட்டேன். காலு மரத்துப் போச்சுண்ணே."

எனக்குக் காது மடல் சுட்டது. கைப்பிடியைச் சுற்றி வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. என் மனைவிக்கு மேலே பேசியது கேட்கவில்லை. நான் வானத்தைப் பார்த்து விழிப்பதைத்தான் பார்த்தாள்.

"என்னா அங்க?"

சொல்லித்தான் ஆகவேண்டும். "மரத்துமேல ஆளு!" என்று கத்தினேன். "எல்லாத்தையும் கேட்டுட்டாரு!"

அவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேலே இருந்தவரும் சிரித்தார். பனை அசைந்தது.

"பதிலு வரலியேண்ணே," என்றார் அவர். "இன்னொரு தபா கேளு. நான் வேணா கண்ண மூடிக்கறேன்."

கேட்கிறவர் ஏற்கெனவே கேட்டாயிற்று, இனி மறைக்க ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை கேட்டபோது குரல் நடுங்கவில்லை.

என் மனைவியின் பேச்சு மிகவும் மெதுவாக இருக்கும். நான் குனிந்து கேட்டேன்.

"அக்கா இன்னா சொல்லுது?" என்றார் மேலே இருந்தவர், பொறுக்க முடியாமல்.

"வரேங்குது. ஆனா நானே வந்து கூப்புடணுமாம்."

"கூப்புட்டாப் போச்சு!"

"உள்ள வந்து ஜாடை காட்டக் கூடாதாம். தெருவுல நின்னு, அதுக்குக் கேக்கறாப்புல கூப்புடணுமாம்."

அவர் கலயத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டார். "நல்லா மாட்னண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார். பனை ஓலையை மடித்துப் பிடித்து அவளுக்குத்தான் முதலில் பதநீர் ஊற்றினார்.

ஆடிக்கு அவள் அண்ணன் மாட்டுவண்டியோடு வந்து அழைத்துப் போனார். போகும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மாதம் முழுக்க எனக்கு அந்தத் தெருதான் ஞாபகம். கல்யாணத்துக்குப் போனபோது பார்த்த தெரு. இரண்டு பக்கமும் நெருக்கமாக வீடுகள், வீட்டுக்கு வீடு ஆட்கள். ஒரு சனிக்கிழமை தனியாகச் செம்மண் மேட்டுக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டு, "வா, போலாம்" என்று சொல்லிப் பார்த்தேன். "இது பத்தாதுண்ணே" என்றது பனை.

ஆவணி பிறந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் பாதையில் கிளம்பினேன். தெருவுக்குள் வண்டி நுழைந்ததுமே கூட்டம் கூடிவிட்டது. சோடா வண்டி என்று பார்த்ததும் எல்லோரும் சொம்போடும் சில்லறையோடும் வந்து நின்றார்கள். அவர்கள் நடுவில் நின்று, அவள் வீட்டைப் பார்த்து, கையைக்கூட வாயில் குவிக்காமல் கூப்பிட்டேன்.

"நான் வந்திருக்கேன்! வா, போலாம்!"

யாரும் வெளியில் வரவில்லை. ஒரு பெரியவர், "தம்பி, அதுக்குக் காது கேக்காது, உள்ளப் போயி கூப்புடு" என்றார். "இல்லீங்க, இங்கேர்ந்துதான் கூப்புடணும்" என்றேன். இரண்டாம் முறை கூப்பிட்டேன். மூன்றாம் முறை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதுவரை அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

மூட்டை கட்டித் தயாராக வைத்திருந்தாள். எடுத்துக்கொண்டு வந்து முன் ஆசனத்தில் ஏறி, கதவின்மேல் கையை வைத்துக்கொண்டாள். சோடா கேட்டவர்களிடம், "வண்டி காலிங்க, நவுருங்க" என்று உரக்கவே சொன்னேன்.

ஊர் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

"கேட்டுச்சா?"

"மொதோ தபாவே கேட்டுச்சு."

"அப்ப ஏன் வரல?"

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இன்னொரு தபா கூப்புடுவீங்களான்னு பாத்தேன்."

அன்றைக்கு நேரே வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம்வரை வண்டி நம்முடையதுதானே என்று செம்மண் மேட்டுப் பக்கம் திருப்பினேன். போய் இறங்கியதும் முதல் வேலையாக இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.