உருண்டு போன தூரம்

எங்கள் அக்காவைப் போல் பந்து எறிய வரக்காப்பொலப் பக்கத்துத் தோட்டங்களில் ஆளே கிடையாது. இதை இன்றைக்கும் யாரோடும் சண்டை பிடித்துச் சொல்வேன்.

நாங்கள் விளையாடியது ரப்பர் மரங்களுக்கு நடுவே. பந்தும் மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சுற்றிச் செய்ததுதான். உயரத் தூக்கி எறிந்தால் கிளையில் பட்டு, பால் வடியக் கட்டியிருக்கும் சிரட்டையில் விழும். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கங்காணி காதைத் திருகுவார். அதனால் எல்லோரும் தாழ்வாகத்தான் எறிவோம். அக்கா எறிந்தால் பந்து தோள் உயரத்தில் சீறிக்கொண்டு போகும்.

கிரிக்கெட் உலகக் கோப்பை நம் நாட்டுக்கு வந்த மறு வருஷம், அக்காவைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குக் கூட்டிப்போக மாமா வந்திருந்தார். படிக்க வேண்டும் என்று அக்கா அழுதாள். மறுநாள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. தொல்லை தாங்காமல் அப்பா, "பந்து எறியிறதுல மொதலாவதா வா, படிக்க வைக்கிறேன். இல்லாட்டி வாயை மூடிக்கிட்டு மாமாவோட போ" என்று சொல்லிவிட்டார்.

மைதானத்தில் ஒரு மரம்கூட இல்லை. "மேல தூக்கி எறி புள்ள, மேல!" என்று டீச்சர் கத்தினார். பழகின கை கேட்குமா? மூன்று தரமும் தாழ்வாகவே எறிந்தாள். பந்து சீக்கிரமே தரையைத் தொட்டது. தொட்ட பிறகு உருண்டது பாருங்கள், அம்மாடி! மற்றவர்களுக்கு நட்டிருந்த கொடிகளையெல்லாம் தாண்டி வேலியில் போய்த்தான் நின்றது. ஆனால் வானத்தைப் பார்த்துச் சோம்பலாக எறிந்த வேறொரு பிள்ளைக்குக் கைதட்டினார்கள். பந்து முதலில் விழுந்த இடம் வரைக்கும்தான் அளப்பார்கள், சாய்வாக மேலே ஏறும் பந்துதான் தள்ளிப் போய் விழும் என்பதெல்லாம் ஏழு வயதில் எனக்கு எங்கே தெரியும்?

போட்டி முடிந்து வீட்டுக்கு வந்தோம். எங்கள் லயத்து வீட்டு வாசலில் மாமா பையோடு தயாராக உட்கார்ந்திருந்தார். அப்பா அக்காவை விட்டுவிட்டு என்னைக் கேட்டார். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அவருக்கு நம்பிக்கை.

"என்னா சின்னவளே, அக்கா பந்து எம்புட்டுத் தூரம் போச்சு?"

"எல்லாத்தையும் தாண்டி வேலிக்கே போயிருச்சுப்பா!"

அக்கா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"இந்த வருஷம் புள்ள வராது மச்சான்" என்றார் அப்பா. மாமா முணுமுணுத்துக்கொண்டே பையைத் தூக்கினார்.

அக்கா என்னைக் கொல்லைப் பக்கம் இழுத்துப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது. "அழாதக்கா. உன் பந்துதான் தூரம் போச்சுன்னு நாளைக்கு டீச்சருகிட்டயும் சொல்லிர்றேன்" என்று தேற்றினேன்.

அக்கா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். எதற்கு என்று அன்றைக்கு எனக்கு விளங்கவேயில்லை.