தென்னூரில் ஒரு பக்கிள், ஸ்ரீரங்கத்தில் ஒரு பக்கிள்

பழைய ராணுவ பெல்ட் பக்கிள்களைத் தேடிச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. அதைப் பற்றி நான் இங்கே எழுதுவதைப் படித்துவிட்டு, திருச்சி தென்னூரிலிருந்து செல்வராஜ் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் கூப்பிட்டார். "எங்க அப்பாவோட பக்கிள் என்கிட்ட இருக்கு. தங்கச்சியும் தன்கிட்டதான் இருக்குங்கறா. எது அசல்னு வந்து பாத்துச் சொல்லுங்க." போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை மதுரையில் பஸ் ஏறினேன். மூன்று மணி நேரப் பயணம்.

செல்வராஜின் அப்பா ராணுவத்தில் இருந்தவர். அவர் இறந்தபின் பெல்ட்டைக் காணவில்லை. சில மாதம் கழித்து, ஒரு பழைய சாமான் கடையில் அதே படைப்பிரிவின் சின்னத்தோடு ஒரு பக்கிளைப் பார்த்ததும், தங்கையின் கணவர்தான் எடுத்து விற்றுவிட்டார் என்று செல்வராஜ் முடிவு கட்டி, அதை வாங்கி வந்துவிட்டார். அப்பா தனக்குக் கொடுத்தது தன்னிடமே இருக்கிறது என்று தங்கை சொன்னதை அவர் நம்பவில்லை. நகல் ஒன்றை வாங்கி வைத்து மழுப்புகிறாள் என்றார். ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

அவர் கொடுத்த பக்கிள் கறுத்துப் போய், பார்க்க மிகப் பழையதாக இருந்தது. லென்ஸை வைத்தால் மேலெல்லாம் ஊசிமுனைக் குழிகள். மேடு, பள்ளம் எல்லாம் ஒரே கறுப்பு. எனக்கு அப்போதே சந்தேகம். ஆனால் மற்றதைப் பார்க்காமல் சொல்ல மனம் வரவில்லை. "தங்கச்சி வீட்டுக்கு நீங்களும் வாங்க சார்" என்றேன். தயங்கினார். பிறகு உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோ, நூறு ரூபாய். அங்கிருந்து ஒன்றாம் நம்பர் டவுன் பஸ். காவிரிப் பாலம் வந்ததுகூடத் தெரியாமல் அவர் பைக்குள் கையை விட்டபடியே உட்கார்ந்திருந்தார். ராஜகோபுரம் ஸ்டாப்பிலிருந்து தங்கை கலாவின் வீடு ஐந்து நிமிட நடை.

கதவைத் திறந்தவர் கலா. "உள்ள வாங்கண்ணே" என்றார். அவர் கணவர் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

கலாவின் பக்கிள் தகதகவென்று மின்னியது. "பாத்தீங்களா, புதுசு!" என்று என் காதருகே சொன்னார் செல்வராஜ். திருப்பினேன். முன்னால் சின்னம் மேடாக இருந்த இடமெல்லாம் பின்னால் பள்ளம். பித்தளைத் தகட்டை அச்சில் வைத்து அடித்தால்தான் அப்படி வரும். உருக்கி ஊற்றிய நகலின் முதுகு பெரும்பாலும் தட்டையாக இருக்கும், மேலே ஊசிமுனைக் குழிகள் விழும்; செல்வராஜுடையது அப்படித்தான் இருந்தது. முன்பக்க எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. பரேடுக்குப் பரேடு சிப்பாய்கள் தேய்த்துத் தேய்த்து அப்படி ஆகும். பழசாகக் காட்டக் கறுப்பேற்றுவது நகல் செய்பவர்களின் வேலை.

"அப்பா மாதிரியே நானும் புளி போட்டுத் தேய்ப்பேன்" என்றார் கலா.

லென்ஸை செல்வராஜிடம் கொடுத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நிமிர்ந்தவர் தங்கையின் கணவரைப் பார்த்தார்.

"மாப்ள, உங்களப் போயி சொந்தக்காரங்க முன்னாடியெல்லாம் திருடன்னு பேசிட்டேன்."

"அன்னிக்கே இங்க வந்து கேட்டிருந்தா எடுத்துக் காட்டியிருப்போமே மச்சான்" என்றார் அவர். குரலில் கோபம் இன்னும் இருந்தது. கலா சமையலறைக்குள் போய் மூன்று பேருக்கும் தட்டு வைத்தார்.

இதுபோல் பார்க்கப் போகிறவர்கள் ஒரு லென்ஸும் சின்னக் காந்தமும் கொண்டு போங்கள். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. நிறத்தை நம்பாதீர்கள், முதலில் முதுகைப் பாருங்கள். குடும்பத்துப் பொருளென்றால், சந்தேகப்படுகிறவரையும் கூடவே அழைத்துப் போங்கள். நாம் சொல்லிக் கேட்பதைவிட அவரே பார்ப்பது நல்லது.

செல்வராஜ் அன்று என்னோடு திரும்பவில்லை. நான் கிளம்பும்போது மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே சோபாவில், ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.