வெள்ளத்துக்கு இத்தாலியச் சொல்

நர்ஸ் வேலைக்கு இத்தாலி போறதுக்கு முன்னாடி எம்மக அந்த ஊர்ப் பாஷையில ஒரு பரீட்சை எழுத வேண்டியிருந்துச்சு. எங்க மலையில, வாழவந்தி நாட்டுல அவளுக்கு யாரு பாடம் கேப்பா? நான்தான். தமிழ் எழுத்துல அவ எழுதிக் குடுத்த தாளை மடியில வச்சுக்கிட்டு, மிளகு உதுத்துக்கிட்டே கேப்பேன். இயற்கைச் சீற்றம்னு ஒரு பாடம். நிலநடுக்கத்துக்கு தெர்ரெமோத்தோ, மண்சரிவுக்கு ஃப்ரானா, வெள்ளத்துக்கு அல்லுவியோனே, காணாமப் போனவங்களுக்கு திஸ்பெர்ஸி.

"மலைக்காரிக்கு வெள்ளம் எதுக்குடி? பேயுற தண்ணியெல்லாம் அடிவாரத்துல காரவள்ளிக்கு ஓடிப்போயிருது. ஃப்ரானாவைப் படி, நம்மளைக் கொல்றது அதுதான்"னு அதட்டுனேன். பெரிய மேதாவி நான்!

அங்க போயி அவளும், கூட வேலை பாக்குற கேரளாப் பொண்ணும் சேந்து வாடகைக்கு ஊடு தேடுனாங்க. ரெண்டு ஊடு அமைஞ்சுது. ஒண்ணு மேட்டுல, முதுகுக்குப் பின்னாடியே மலை. இன்னொண்ணு ஆத்தோரம், நாலு படி கீழ எறங்கிப் போகணும். ரெண்டையும் போன்ல காட்டுனா. மேட்டு ஊட்டுக்குப் பின்னால அந்தச் சரிவைப் பாத்ததுமே எனக்கு ஃப்ரானாதான் ஞாபகம் வந்துச்சு. மழைக்கு மழை இங்க மண்ணு சரிஞ்சு ரோட்டை அடைக்கிறதைப் பாத்தவ நான். "ஐயோ சாமி, அது வேண்டாம். கீழ் ஊட்டுக்கே போ கண்ணு"ன்னேன். போனாங்க.

ஒரு நா பூரா அவ போனை எடுக்கல. போன்ல அந்த ஊர் நியூஸைப் போட்டுக் கேட்டேன். சேத்துத் தண்ணியில கார் மேல கார் கெடக்குது. நியூஸ் படிக்கிறவ வாயில அல்லுவியோனே, அல்லுவியோனேன்னு வருது. அப்புறம் திஸ்பெர்ஸின்னா. ஏன்தான் அந்தச் சொல்லைத் தெரிஞ்சுக்கிட்டேனோன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

மறுநா மத்தியானம் அவளே கூப்பிட்டா. "நான் ட்யூட்டில இருந்தேம்மா. ஆஸ்பத்திரிக்குத் தண்ணி வரல. எனக்கு ஒண்ணுமில்ல." எட்டுக்கையம்மா காப்பாத்திட்டான்னு கெடந்து அழுதேன். அழுது முடிச்சப்புறந்தான் கேக்கத் தோணுச்சு.

"அந்தப் பொண்ணு எங்க கண்ணு?"

"அவளுக்கு அன்னிக்கு லீவும்மா. ஊட்டுல தூங்கிட்டு இருந்தா. இன்னும் தேடுறாங்க. அவ மேட்டு ஊடுதான் வேணும்னு சொன்னா. நான்தான், எங்கம்மா மலைக்காரி, அவங்களுக்குத் தெரியும்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன்."