சம்பூர்ணத்தின் வாயும் தேசத்தின் சிப்பும்

"என் வாயை மூட வைக்கிற சர்க்கார் இன்னும் பொறக்கல" என்று சம்பூர்ணம் அறிவித்தது ஆம்பூர் பஸ் நிலையத்தில், வழியில் கையைக் காட்டியும் வண்டியை நிறுத்தாமல் வந்த ஒரு கண்டக்டரிடம். கண்டக்டர் மறுக்கவில்லை. ஆம்பூரில் யாருமே மறுத்ததில்லை.

ஷூ கம்பெனியில் தையல் வரிசையில் பல வருடம் உட்கார்ந்தவள் அவள். மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், மிஷின் நின்ற பிறகும் நிற்கவில்லை. வேலையை விட்ட நாளில் சூபர்வைசருக்கு அவள் ஆற்றிய விடைபெறும் உரை அவருடைய முன்னோர்களில் தொடங்கி, சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் முடிந்தது. ஆகவே அந்த வாசலை இனி அவள் மிதிக்க முடியாது.

அவள் போய்ச் சேர்ந்தது நாட்றம்பள்ளி சாலையில், பழைய தோல் கிடங்கு ஒன்றில் அரசு மானியத்தில் நடந்த சிப் பயிற்சி மையத்தில். போனுக்கும் காருக்கும் மூளையாக இருக்கிற அந்த எள்ளளவு சிப்பை இனி நாமே செய்வது என்று தேசம் முடிவெடுத்திருந்தது. எள்ளின் மேல் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுவது சம்பூர்ணத்தின் பங்கு. பயிற்சி முடிந்தால் வேலை நிச்சயம். முடியாவிட்டால் மறுபடியும் அந்தச் சூபர்வைசர் காலில்தான் விழ வேண்டும்.

முடிவெடுத்த தேசம் பிறகு கொஞ்சம் யோசிக்கவும் செய்தது. மானியம் பாதியாக வெட்டப்பட்டது. வரவேண்டிய மிஷின்களில் ஒன்றுதான் வந்தது. வராதவற்றுக்காகத் தரையில் மஞ்சள் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். மரியாதை கருதி எல்லோரும் அதைச் சுற்றியே நடந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றாரு" என்றார் பயிற்சியாளர் ஹரிஹரன். "ஒரு தூசி பட்டாலும் சிப் வீணாப் போய்டும். சுவத்துல இருக்கிற தூசி மீட்டர் பச்சை காட்டினா மீதி மானியம் வரும். சிவப்பு காட்டினா பூட்டிட்டுப் போய்டுவாங்க. தலையில பூ, மூஞ்சில பவுடர், எதுவும் கூடாது."

சாம்பிராணியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இதைப் பின்னாளில் சம்பூர்ணம் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறாள். ஷூ கம்பெனியில் வெள்ளிதோறும் மிஷின்களுக்குச் சாம்பிராணி காட்டியது அவள்தான். தேசத்தின் மானமே தொங்கும் நாளில் சும்மா விடுவாளா? அன்றைக்கு மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து மூலை மூலையாகப் புகை போட்டாள். இனிமேல் வரப்போகும் மிஷின்களை நினைத்து மஞ்சள் கட்டங்களுக்கும் ஒரு சுற்று காட்டினாள்.

ஹரிஹரன் வந்தபோது மீட்டர் செக்கச்செவேல் என்றிருந்தது.

"இன்னாக்கா பண்ணீங்க?"

"சாமிக்கே காட்றோம். மிஷினுக்குக் காட்டினா தப்பா?"

"பேஜார் பண்ணிட்டியே அக்கா" என்றாள் பக்கத்து இருக்கை அக்தரி பேகம். "நானும்தான் நேத்து சாம்பிராணி போட்டேன். ஊட்ல."

காற்று இழுக்கும் விசிறிகள் முழு வேகத்தில் ஓடின. சிவப்பு இறங்கி ஆரஞ்சானது. ஆரஞ்சு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வாசலில் அதிகாரியின் கார் வந்து நின்றது.

"புகை போய்டுச்சி. இனிமே தூசின்னா அது நம்மதான்" என்றார் ஹரிஹரன் ரகசியமாக. "பேசினா எச்சில் பறக்கும், முகமூடியைத் தாண்டியும் வரும். யாரும் வாயைத் திறக்காதீங்க."

எல்லோரும் சம்பூர்ணத்தைப் பார்த்தார்கள். நாட்டின் சிப் தொழில் எந்த இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

அதிகாரி ராமமூர்த்தி தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பேச்சுப் பிரியர். அவர் பேசப் பேச ஆரஞ்சு இன்னும் கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்தது. நேராகச் சம்பூர்ணத்திடம் வந்து நின்றார்.

"எந்த ஊரும்மா?"

அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.

"ஆம்பூர் ஷூ கம்பெனியில இருந்து வந்தவங்கன்னு சொன்னாங்க. நேத்து அங்கதான் போயிருந்தேன். உங்க சூபர்வைசரைப் பார்த்தேன். தங்கமான மனுஷர்."

அக்தரி பேகம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"உங்களுக்குத் தையலே அவர்தான் கத்துக் கொடுத்தாராமே?"

முகமூடிக்கு மேல் தெரிந்த சம்பூர்ணத்தின் நெற்றி சிவந்தது. தோள்கள் இரண்டும் மேலே ஏறின. ஹரிஹரன் மனதுக்குள் மையத்தைப் பூட்டிச் சாவியையும் ஒப்படைத்துவிட்டார். பிறகு அந்தத் தோள்கள் மெதுவாக இறங்கின. தங்கக் கம்பி ஒன்று சிப்பின் மேல் அதற்குரிய இடத்தில் போய் ஒட்டியது.

பதில் வரும் என்று காத்திருந்த அதிகாரி, வராததால் தானும் பேசாமல் நின்றார். அறையில் இப்போது ஒருவர் வாயும் அசையவில்லை. மீட்டர் தயங்கியது, சிமிட்டியது, பச்சைக்கு வந்தது. அதிகாரி மீட்டரைப் பார்த்தார், மைக்ராஸ்கோப்பிலும் ஒருமுறை குனிந்து பார்த்தார். ஹரிஹரனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹரிஹரன் இரண்டு கையையும் தூக்கி ஆடியதைப் பார்த்தே மீதி மானியம் வந்துவிட்டது என்று உள்ளே இருந்தவர்களுக்கு விளங்கியது.

அக்தரி பேகம் தோளால் இடித்தாள். "முடிஞ்சிடுச்சி அக்கா. இப்பவாச்சும் அந்த ஆளைப் பத்தி நாலு வார்த்தை சொல்லு."

சம்பூர்ணம் மீட்டரைக் கண்ணால் காட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அடுத்த கம்பியை எடுத்தாள்.