தூவா ஸ்காரின் முகம்

இது கதையல்ல, எனக்கு நடந்தது. சந்தேகமிருந்தால் எஸ்கிலையும் கேளுங்கள். வேறு எதிலும் நாங்கள் ஒத்துப்போனதில்லை. இதில் மட்டும் வரிக்கு வரி ஒன்றையே சொல்வோம்.

நானும் எஸ்கிலும் வட ஐரோப்பாவில் பெர்கன் நகரில் ஏழு வருடங்கள் சேர்ந்து வீடியோக் கலை செய்தோம். எங்கள் பெயரை எங்கேயும் போடமாட்டோம். தூவா ஸ்கார் என்று ஒரு பெண்ணை நாங்களே உருவாக்கியிருந்தோம். எங்கள் இருவர் முகத்தையும் கணினியில் கலந்தால் அவள் முகம், இருவர் குரலையும் கலந்தால் அவள் குரல். பழைய மீன் தொழிற்சாலையில் எங்களுக்கு ஓர் அறை. காலையில் நான் வேலை செய்வேன், மாலையில் அவன். எதை யார் செய்தது என்று ஒருவரையொருவர் கேட்கக் கூடாது. அந்தச் சட்டம்தான் எங்களுக்கு வினையாக முடிந்தது.

டிசம்பரில் ஒரு காலை. சுவரில் ஓடிய படத்தில் தூவாவின் கன்னத்தில் ஒரு மச்சம். எனக்கு அங்கே மச்சம் கிடையாது. எஸ்கிலுக்கும் கிடையாது. அவன் சேர்த்திருப்பான் என்று விட்டுவிட்டேன்.

மறுவாரம் மூக்கு மாறியிருந்தது. பிறகு உதடு. என் சாயல் துளியும் இல்லை... எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு எவளையோ உள்ளே நுழைத்து என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறானா? தூவா கைவிட்டுப் போனால், என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு படம்கூட எனக்கு மிஞ்சாது.

கையும் களவுமாகப் பிடிக்க அறையிலேயே காத்திருந்தேன். பிற்பகல் மூன்றரை. வடக்கின் குளிர்காலம், வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. எஸ்கில் ஈரக் கோட்டோடு உள்ளே வந்தான்.

"இங்க என்ன பண்றே, யோருன்?"

"யாருடா அவ?"

"எவ?"

"நடிக்காதே. என் மூஞ்சியத் தூக்கிட்டு எவ மூஞ்சிய வச்சே?"

கோட்டைக் கழற்றாமலே என் எதிரே வந்து நின்றான்.

"நானா? என் குரலைத் தூக்கினது நீதானே?"

"குரல் பக்கமே நான் போகலை."

"லூசு மாதிரி பேசாதே. அப்ப பேசுறது யாரு?"

இருவரும் சுவரைப் பார்த்தோம். அந்தக் காட்சியில் அவள் கண்களை மூடியிருக்க வேண்டும்.

திறந்திருந்தாள்.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

ஒலிபெருக்கியில் மூச்சு.

எஸ்கில் வயரைப் பிடுங்கினான்.

படம் அணைந்தது.

மூச்சு நிற்கவில்லை...

ஓடினோம்.

மறுநாள் காலை நண்பர்கள் துணையோடு போய் எல்லாவற்றையும் அழித்தோம். ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளவில்லை. நான் அழுதேன். எஸ்கிலும் அழுதான்.

மார்ச் மாதம் எஸ்கில் செய்தித்தாளோடு என் வீட்டுக்கு ஓடி வந்தான். தூவா ஸ்காரின் புதிய படம் கோதன்பர்க் நகரில் ஒரு கலைக்கூடத்தில் ஓடுகிறதாம். அன்றே ரயில் ஏறினோம்.

கலைக்கூடத்தில் இருட்டறை. சுவர் முழுக்கப் படம். ஈரக் கோட்டோடு எஸ்கில், எதிரே நான். அன்றைய சண்டை, ஒரு சொல் விடாமல். அன்று எங்கள் அறையில் கேமராவே இல்லை. தூவாவின் படம் ஓடிய சுவருக்குள் நின்று எடுத்தது போல இருந்தது அந்தப் படம்.

அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்த ஊழியப் பெண்ணிடம், இதை யார் கொண்டுவந்தது என்று கேட்டேன்.

"தூவாவேதான் வந்தாங்க. மாட்டி முடிச்சு, எங்ககூட உக்காந்து காபி குடிச்சுட்டுத்தான் போனாங்க."

"படத்துல இருக்கிற ரெண்டு பேரு?"

"அவங்க நிஜ ஆளுங்க இல்லைங்க. தன் முகத்தையே ரெண்டாப் பிரிச்சு உண்டாக்கினதாம்..."

சொல்லிக்கொண்டே எங்களை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சுவரில் ஓடிய படத்தைப் பார்த்தாள். அப்புறம் மெல்ல எழுந்து, எங்கள்மேல் பட்டுவிடாமல் விலகி வெளியே போனாள்.